குதிருக்குள் இல்லாத ஒச்சப்பன்

அந்தக் காலத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே வேலி கிடையாது. பகல் வந்தது, ராத்திரி வந்தது, அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்த உயிர் எந்தப் பொழுதில் விழித்திருக்க வேண்டும், எதில் தூங்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. தூக்கம் வந்தவன் தூங்கினான், பசி வந்தவன் எழுந்தான். சேவல் உச்சி வெயிலில் கூவியது. வௌவால் காலையிலேயே கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊர்வம்பு பேசியது. எல்லா உயிருக்கும் பேச்சு வந்த காலம் என்பதால் காது கொடுத்துக் கேட்க முடியாத சத்தம்.

இன்னும் இரண்டு சங்கதி சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பருந்து பறந்தால் தரையில் நிழல் விழாது. சந்திரன் தேயவும் தேயாது. தினமும் வெண்கலத் தாம்பாளம் மாதிரி முழுசாக வந்து நிற்கும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அப்படித்தான் இருந்தது.

அப்போது ஒரு கடலைக்காட்டு வரப்பில் வெள்ளைத்தாய் என்று ஓர் எலி குடியிருந்தாள். சின்ன உடம்பு, பெரிய குரல். அவள் புருஷன் பெயர் ஒச்சப்பன். நல்லவன், உழைப்பாளி, பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவன். பல்லை மட்டும் அடக்கத் தெரியாதவன். வாயில் ஒன்றும் இல்லாவிட்டால் வளைச் சுவரைக் கொறிப்பான். சுவர் அலுத்தால் வேரைக் கொறிப்பான். யோசனையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் வாலைக் கொறிப்பான், யாருடைய வால் என்றுகூடப் பார்க்க மாட்டான். கல்யாணத்தன்று மாலையைக் கொறித்துத் தின்றுவிட்டுக் கழுத்தில் வெறும் நாரோடு நின்ற மாப்பிள்ளை அவன் ஒருவன்தான்.

வெள்ளைத்தாய்க்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான். பெயர் சுருளியாண்டி. அவன் அணில். எலிக்கு அணில் எப்படி அண்ணன் என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். அந்தக் காலத்தில் கொறிக்கிற கூட்டமெல்லாம் ஒரே குடும்பம். ஒரே ஈற்றில் வால் மொட்டையாக வந்தது எலி, புசுபுசுவென்று வந்தது அணில், அவ்வளவுதான் வித்தியாசம். வரப்போரத்துப் புளியமரத்தில் அவன் வீடு. நினைத்த நேரத்துக்கு இறங்கி வருவான். வரும்போது வாயில் ஏதாவது ஒரு பழம் இருக்கும். "தாய்மாமன் வந்தாச்சு, வாங்கடா!" என்பான். தங்கச்சி பிள்ளைகள் ஓடிவந்து அவன் வாலில் ஏறிச் சறுக்கு விளையாடும். அந்தப் பிள்ளைகள் மேல் அவனுக்கு உயிர். சொந்தமாகக் குடும்பம் வைத்துக்கொள்ளாததால் மொத்தப் பாசத்தையும் அங்கேயே கொட்டிவிட்டான்.

ஆனால் அந்தப் பிள்ளைகள்தான் நிற்கவில்லை. எலிகளும் அணில்களும் கொஞ்சம் தின்று, கொஞ்சம் தூங்கி, கொஞ்சம் ஓடி, பகலும் ராத்திரியும் வெளியே திரிந்த கூட்டம். பகலில் பருந்து தூக்கியது. நிழல் விழாததால் அது தலைக்கு மேல் வந்ததே தெரியாது. ராத்திரியில் ஆந்தை தூக்கியது. சந்திரன் முழு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அதற்குத் தேடுகிற வேலையே இல்லை. வெள்ளைத்தாய் போன ஈற்றில் பெற்ற பிள்ளைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும். இந்த ஈற்றுப் பிள்ளைகள் இப்போதுதான் கண் திறந்து வளை வாசலுக்கு வந்திருந்தன.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தான், கிழக்கே சந்திரன் ஏறிக்கொண்டிருந்தான். வெள்ளைத்தாய் வரப்பின் மேட்டில் ஏறி இரண்டு பக்கமும் பார்த்துக் கத்தினாள்.

"ஏஞ்சாமி, ரெண்டு பேரும் ஆளுக்கொரு விளக்கைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, யாருக்கு நிக்கிறீங்க? எங்களைத் திங்கிறவனுக்கு வெளிச்சம் காட்டவா?"

சூரியனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முகம் சிவந்துவிட்டது.

"அதிகமாப் பேசாத! நான் வர்ற நேரம் நீ பாதிப் பொழுது தூங்குற. நீ என் ஆளா, அவன் ஆளான்னே எனக்குத் தெரியல. தெரியாதவளுக்கு நான் எப்படிக் காவல் இருக்க?"

"நான் வர்றப்பவும் தூங்கத்தான் செய்யுது," என்றான் சந்திரன். அவன் குளிர்ந்த குணக்காரன், ஆனால் குத்திக் காட்டுவதில் கெட்டிக்காரன்.

"அப்ப யாரோட ஆளுன்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள் வெள்ளைத்தாய். "பாத்துச் சொன்னா என்ன குடுப்பீங்க?"

இருவரும் யோசித்தார்கள். சூரியன் சொன்னான்: "என் ஆளா இருந்தா, பருந்துக்கு முன்னாடியே அது நிழலைத் தரையில ஓட விடுறேன். நிழலைப் பாத்துட்டு ஒளிஞ்சுக்கலாம்." சந்திரன் சொன்னான்: "என் ஆளா இருந்தா, என் விளக்கைக் குறைச்சுக்கிறேன். மாசத்துல ஒருநாள் சுத்தமா அணைச்சே வெக்கிறேன். ஆந்தை தடுமாறட்டும்." அதோடு சேர்த்து இருவரும் ஒரே குரலில் ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ஒருவனுடைய ஆள் இன்னொருவன் பொழுதில் வெளியே வந்தால் காவல் கிடையாது. ரெண்டுங்கெட்டானாக இருந்தாலும் காவல் கிடையாது. சோதனையில் யாராவது களவாணித்தனம் செய்தால் அந்தக் கூட்டத்துக்கே என்றைக்கும் கிடையாது.

சோதனையைக் கவனிக்க நடுவர் வேண்டுமே? ஓணானைப் போட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. சூரியன் போய் "ஒழுங்காப் பாத்துச் சொல்வியா?" என்று கேட்டபோது ஓணான் தலையாட்டினான். சந்திரன் போய் "எனக்கு அநியாயம் பண்ண மாட்டியே?" என்று கேட்டபோதும் தலையாட்டினான். இருவரும் அவனைத் தம் ஆள் என்று நம்பினார்கள்.

அன்றைக்கே குடும்பம் கூடியது. எலி வகைக்கு ஒருவன், அணில் வகைக்கு ஒருவன் சோதனைக்குப் போக வேண்டும். வெள்ளைத்தாய் பால் கொடுக்கிறவள், போக முடியாது. ஒச்சப்பனும் சுருளியாண்டியும் போவதென்று ஆனது. பெருச்சாளியும் சுண்டெலியும் வாசலோடு எட்டிப் பார்த்து, "ஒச்சப்பன் எந்தப் பக்கமோ நாங்களும் அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுத் தின்னப் போய்விட்டார்கள்.

"சூரியன் பக்கம்தான் நமக்குச் சரி," என்றான் சுருளியாண்டி. "பழம் செவந்திருக்கான்னு இருட்டுல எப்படித் தெரியும் தாயி?"

"எந்தப் பக்கமா வேணா இருக்கட்டும்ணே. ரெண்டு வீடும் ஒரே பக்கமா இருக்கணும். பக்கம் மாறிட்டா நீ எம்பிள்ளைகளைப் பாக்க முடியாது, நான் உன்னைப் பாக்க முடியாது. வெளிச்சத்துல ஓடணும், இருட்டுல தூங்கணும். இவ்வளவுதான வேலை?" என்று சொல்லிப் புருஷனைப் பார்த்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன்," என்றான் ஒச்சப்பன். மச்சான் வால் நுனியில் கொஞ்சம் முடி குறைந்திருந்தது.

காட்டுக்கார மனிதர்கள் கைவிட்டுப் போன குடிசை ஒன்று வரப்போரம் இருந்தது. அதில் தானியம் கொட்டி வைக்கிற மண் குதிர்கள் இரண்டு, ஆளுயரத்துக்கு, பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் ஒச்சப்பன், இன்னொன்றில் சுருளியாண்டி. தின்ன வேண்டிய மட்டும் கம்பு. தூக்கணாங்குருவி ஆளுக்கொரு சக்கரம் பனைநாரில் பின்னிக் கொடுத்தது. உள்ளே ஏறி ஓடினால் சுற்றும். சுற்றினால் அதற்குள் கிடக்கிற புளியங்கொட்டை கிலுகிலுவென்று சத்தம் போடும். வெளியே இருக்கிற ஓணானுக்கு யார் ஓடுகிறான், யார் தூங்குகிறான் என்பது கேட்கும். காலையில் ஓணான் மூடியைத் தள்ளித் திறப்பான், மாலையில் மூடுவான்.

முதலில் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. மூடி திறந்தால் இரண்டு குதிரிலும் கிலுகிலு. மூடினால் கப்சிப். ராத்திரி நேரத்தில் உள்ளே மின்மினிகளை விட்டுப் பார்த்தார்கள். வெளிச்சம் வந்ததும் இருவரும் எழுந்து ஓடினார்கள். சூரியன் மீசையை முறுக்கினான்.

சந்திரன் விடுவானா? "மூடியைத் திறந்தா ஓடுறாங்க, மூடினா தூங்குறாங்க. மின்மினிக்குக்கூட ஓடுறாங்க. இதுல நீ எங்கய்யா வந்த? மூடியைத் திறக்கவே கூடாது. வெளிச்சமே இல்லாம வையி. அந்த இருட்டுக்குள்ள ஒடம்பு தானா எப்ப எந்திரிக்குது, எப்பப் படுக்குதுன்னு பாரு. அப்பத் தெரியும் யாரு ஆளுன்னு."

நியாயமான பேச்சு. சூரியனால் மறுக்க முடியவில்லை. ஓணானைக் கேட்டார்கள், தலையாட்டினான். குதிர் மூடிகளை மண் வைத்துப் பூசினார்கள். உள்ளே கும்மிருட்டு.

வெள்ளைத்தாய்க்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இருட்டுக்குள் கிடப்பவனுக்கு விடிந்தது எப்படித் தெரியும்? நிபந்தனை ஞாபகத்துக்கு வந்தது. களவாணித்தனம் கூடாது. அதோடு பிள்ளைகள் ஞாபகமும் வந்தது. கண் திறந்து நாலு நாளாகாத பிள்ளைகள். அவள் நிபந்தனையை ஓரமாக வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள்.

குதிர்களின் பின்பக்கம், முள் மறைவில், அடியோரமாக ஆளுக்கொரு சின்ன ஓட்டை போட்டாள். வெண்டைக்காய்க் காம்பு நுழைகிற அளவு. ஈர மண்ணை உருட்டி அடைத்தாள். விடியும்போது அடைப்பை எடுத்துவிடுவாள், இருட்டும்போது அடைத்துவிடுவாள். ஓட்டையில் வாயை வைத்து உள்ளே இருந்தவர்களிடம் சொன்னாள்.

"அண்ணே, வெளிச்சம் தெரிஞ்சா ஓடு. இல்லாட்டித் தூங்கு."

"ஆகட்டும் தாயி."

"ஏங்க, உங்களுக்கும் அதேதான். இன்னொண்ணு. இந்த ஓட்டை மேல பல்லு படக்கூடாது."

"சேச்சே, என்ன வெள்ளைத்தாயி, என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நெனச்சியா?" என்றான் ஒச்சப்பன்.

மறுநாள் விடியும்போது அடைப்பை எடுக்கப் போனாள். அண்ணன் குதிரில் எடுத்தாள். உடனே உள்ளே கிலுகிலு. புருஷன் குதிருக்கு வந்தாள். எடுப்பதற்கு அங்கே அடைப்பு இல்லை. ஓட்டையும் இல்லை. பெருச்சாளி தன் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்துபோகிற அளவுக்கு ஒரு வாசல் இருந்தது. அதற்குள்ளே ஒச்சப்பன் மல்லாந்து கிடந்தான். வயிறு முரசு மாதிரி இருந்தது. மீசையில் கடலைத் தோல்.

"அட பாவி மனுசா! எந்திரிய்யா! விடிஞ்சிருச்சு, ஓடு!"

"ஓடுறேன்... இந்தா ஓடுறேன்..." என்று நான்கு காலையும் ஆட்டினான். கண் திறக்கவில்லை. வாலைப் பிடித்துக் கடித்தாள். "நல்லா இருக்கு" என்று திரும்பிப் படுத்தான். பக்கத்துக் குதிரில் அண்ணன் உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தான். மேலே ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைத்தாய் வாசலை மண் போட்டுப் பூசி, முன் மாதிரியே சின்ன ஓட்டை மட்டும் விட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவன் எழுந்தான். ஓட்டை வழியாகக் கதை வந்தது.

"கோவிக்காத. ஓட்டை ஓரத்தை ஒரே ஒரு கடி கடிச்சுப் பாத்தேன். மண்ணு பதமா இருந்துச்சு. இன்னொரு கடி கடிச்சேன். அப்புறம் என்ன நடந்துச்சுன்னே தெரியல, நான் வெளியே நிக்கிறேன்."

"நின்னவரு உள்ள வர வேண்டியதுதான?"

"வந்திருப்பேன் வெள்ளைத்தாயி. ஆனா ராத்திரின்னா என்னன்னு நமக்கு இவ்வளவு நாளாத் தெரியாமலே போயிருச்சு. பகல்ல கொஞ்சம் ராத்திரி கொஞ்சம்னு அரைத் தூக்கத்துலயே அலைஞ்சிருக்கோம். முழுசா முழிச்சிருந்து பாத்தாத்தான் தெரியுது. காடே காலியாக் கெடக்கு. மண்ணு ஜில்லுன்னு இருக்கு. கடலையைத் தொட்டா பனியில ஊறி மெத்துன்னு வருது. செடிக்கடியிலயே போனா ஆந்தைக்கும் தெரியல, சந்திரனுக்கும் தெரியல, ஒருத்தன் தொந்தரவு கெடையாது. வயிறு முட்டத் தின்னேன், திரும்பி வந்தேன். சந்தோசத்துல சக்கரத்துல ஏறிக் கொஞ்சம் ஓடினேன். எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. எனக்குக் குதிரே கெடச்சிருக்கு!"

"ஓடினீங்களா? ராத்திரியிலயா? சக்கரத்துலயா?" வெள்ளைத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு எம்பிள்ளைகளைப் பருந்து தூக்கிட்டுப் போறப்பவும் இப்படித்தான் சக்கரம் சுத்துவீங்களா?"

ஒச்சப்பன், "பிள்ளைக மேல சத்தியமா இனிமே கடிக்க மாட்டேன்" என்றான். மனசாரத்தான் சொன்னான். ஆனால் சத்தியம் பண்ணியது நாக்கு, அன்று ராத்திரி வேலை பார்த்தது பல். விடியும்போது மறுபடி அதே வாசல், அதே வயிறு, அதே குறட்டை.

அவள் கூழாங்கல்லைக் கலந்து பூசிப் பார்த்தாள். கல்லை ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். வேப்பங்காயை அரைத்துத் தடவிப் பார்த்தாள். "கொஞ்சம் கசப்பு, ஆனா பழகிருச்சு" என்றான். கடைசியில், பல்லுக்கு வேலை இருந்தால் ஓட்டைக்குப் போகாது என்று ஒரு காய்ந்த பனங்கொட்டையை வாங்கிவந்து உள்ளே தள்ளினாள். "கொறிச்சுத் தொலைங்க. ராப்பூரா இதையே கொறிங்க. தள்ளிப் போகாதீங்க." அதையும் கேட்டான். ராத்திரி முழுக்க ஒரே கறகற, கறகற. குடிசைக் கூரை அதிர்கிற சத்தம். ஒவ்வொரு கறகறவுக்கும் மேலே ஓணான் ஒரு தலையாட்டு.

"வேலியில போன ஓணானை மடியில கட்டிக்கிட்ட கதையா, நானே சாமிகளைக் கூப்பிட்டு, நானே ஓட்டையும் போட்டேன்," என்று புலம்பினாள்.

கொட்டையை அவன் தின்று தீர்த்ததும் பழையபடி ஊர்சுற்றல் தொடங்கியது. வெள்ளைத்தாய் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவைத்தாள். ஓணான் கேட்டால், "எங்கப்பன் குதிருக்குள்ளதான் இருக்கார்" என்று சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வாயைத் திறக்கவே கூடாது. ஒருநாள் இருட்டுகிற நேரம், ஒச்சப்பன் அப்போதுதான் வெளியே நழுவியிருந்தான். ஓணான் ஒரு பூச்சியைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கி வந்தான். வந்தவன் ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு, பேர் பொன்னழகி, பயத்தில் பாடம் புரண்டுவிட்டது.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை!" என்று கத்தினாள்.

வெள்ளைத்தாய்க்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. ஓணான் தலையாட்டினான். பூச்சியைப் பிடித்தான், விழுங்கினான், மறுபடி தலையாட்டினான், மேலே போய்விட்டான். அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வார்த்தையை நம் ஊரில் இன்றைக்கும் சொல்கிறோம். ஆனால் நாம் சொல்லும்போது அப்பன் உள்ளே பதுங்கியிருப்பான். அன்றைக்கு அந்த ஒச்சப்பன் நிஜமாகவே இல்லை.

தீர்ப்பு நாள் வந்தது. பொழுது சாயும் நேரம், சூரியனும் சந்திரனும் இரண்டு முனையில் நின்றார்கள். கொறிக்கிற கூட்டம் முழுக்க வரப்பில் கூடியிருந்தது. குதிர்களை உடைத்து இருவரையும் வெளியே எடுத்தார்கள். சுருளியாண்டி இளைத்துப்போயிருந்தான், இத்தனை நாள் பகல் முழுக்க ஓடினால் என்ன ஆவான்? ஒச்சப்பன் பெருத்துப்போயிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே கம்புதான் போட்டோம் என்பது தூக்கணாங்குருவிக்கு உறுத்தியது. ஆனால் அது வாய் திறக்கவில்லை.

"சீக்கிரம் சொல்லு, எனக்கு இறங்க நேரமாச்சு," என்றான் சூரியன். "அணில் இருட்டுக்குள்ளயும் என் பொழுதுலதான் ஓடினானா?"

ஓணான் தலையாட்டினான்.

"எலி என் பொழுதுலதான் ஓடினானா?" என்றான் சந்திரன்.

ஓணான் தலையாட்டினான். கொஞ்சம் பலமாகவே ஆட்டினான். பனங்கொட்டைச் சத்தத்தில் அவனும் பல ராத்திரி தூங்கவில்லை.

"முடிஞ்சது. அணில் உன் ஆளு, எலி என் ஆளு," என்றான் சந்திரன்.

"இதுக்குத்தானா இவ்வளவு பாடு? மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச மாதிரி," என்று சூரியன் முனகினான். "சரி, எடுத்துக்க. ஆனா ஒண்ணு. இனிமே எலி என் பொழுதுல வெளியே வந்தா பருந்துகிட்ட நான் பேச மாட்டேன்."

"அணில் என் பொழுதுல வந்தா ஆந்தைகிட்ட நானும் பேச மாட்டேன்," என்றான் சந்திரன்.

கூட்டம் சந்தோஷமாகக் கூச்சல் போட்டது. ஏதோ ஒரு பக்கம் காவல் கிடைத்ததே! வெள்ளைத்தாய் மட்டும் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை அவன் வாலைக் கண்டதும் வழக்கம்போல ஏறத் தொடங்கியிருந்தன. பொன்னழகி பாதி வாலில் தொங்கிக்கொண்டு, "மாமா, பழம் எங்க?" என்று கேட்டாள்.

சுருளியாண்டி வாலை உதறாமல், பிள்ளைகளோடேயே ஓர் அடி முன்னால் வந்தான்.

"சாமி, கொஞ்சம் பொறுங்க. இந்தத் தீர்ப்பு செல்லாது. நாங்க நேர்மையா நடந்துக்கல. அந்தக் குதிருக்குப் பின்னாடி..."

வெள்ளைத்தாய்க்குப் புரிந்துவிட்டது. அண்ணன் உண்மையைச் சொல்லப்போகிறான். சொன்னால் சோதனை கலையும். தங்கச்சியும் பிள்ளைகளும் முன்னைப்போலவே அவனோடு இருப்பார்கள். பருந்தும் ஆந்தையும்கூட முன்னைப்போலவே இருக்கும். போன ஈற்றுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போனது அவள் கண் முன்னால் வந்தது. காலடியில் ஒரு கடலை கிடந்தது. எடுத்தாள், ஒரே தாவாகத் தாவி அண்ணன் வாய்க்குள் திணித்தாள்.

"என்ன சொல்ல வர்றான்?" என்றான் சூரியன்.

"பசி மயக்கம் சாமி. ஓடி ஓடிப் புத்தி தடுமாறுது," என்றாள் வெள்ளைத்தாய். இன்னொரு கடலையை எடுத்து அடுத்த கன்னத்திலும் திணித்தாள். "எங்க அண்ணன் உங்க ஆளு சாமி. நாங்க சந்திரனோட ஆளு. தீர்ப்பு சரிதான். நாங்க ஒத்துக்கிட்டோம்."

சுருளியாண்டி இரண்டு கன்னமும் புடைக்க நின்றான். துப்பியிருக்கலாம். அவன் துப்பவில்லை. தங்கச்சியைப் பார்த்தான், அவள் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கும் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிய மெதுவாகக் கடலையை மென்றான்.

"ஏம்மா, அவன் அழுகுறானே?" என்றான் சந்திரன்.

"கடலை சொத்தையா இருக்கும் சாமி," என்றான் ஒச்சப்பன். அவன் வாழ்நாளில் நேரத்துக்குச் சொன்ன ஒரே பேச்சு அதுதான்.

சூரியன் இறங்கினான். இறங்க இறங்கச் சுருளியாண்டிக்கு இமை கனத்தது. வெள்ளைத்தாய்க்கும் பிள்ளைகளுக்கும் அதுவரை இல்லாத விழிப்பு வந்தது. வாலிலிருந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாக அவளே இறக்கிவிட்டாள்.

"இனிமே எப்படித் தாயி எனக்குத் தெரியும்?" என்று அண்ணன் கேட்டான். "ராத்திரி ஆந்தை வந்துச்சா, பிள்ளைக பத்திரமா வளைக்குத் திரும்புச்சான்னு யாரு சொல்லுவா? நான்தான் தூங்கிருவேனே."

"நீ தூங்கப் போறதுக்கு முன்னாடி மரத்துல இருந்து ஒரு சத்தம் குடுண்ணே," என்றாள். "நான் அப்பத்தான் முழிப்பேன். எல்லாத்தையும் எண்ணிப் பாத்துட்டு உள்ள இருந்து பதில் சொல்றேன். வெளிய வர மாட்டேன். ஆனா சொல்றேன்."

"நீ சொல்ற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்."

"நிறுத்தாத."

அவன் புளியமரத்தில் ஏறினான். ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு இருட்டிவிட்டது.

சாமிகள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். மறுநாளே பருந்துக்கு முன்னால் ஒரு கறுப்பு நிழல் தரையில் ஓடியது. சந்திரன் நாளுக்கு நாள் ஓரத்தில் குறைந்து, ஒருநாள் வரவே இல்லை. காவல் என்றால் முழுக்காவல் இல்லை. சந்திரன் வளர்ந்த நாட்களில் ஆந்தை இன்னும் தன் கைவரிசையைக் காட்டத்தான் செய்தது. ஆனால் அந்த ஈற்றில் வெள்ளைத்தாயின் பிள்ளைகள் அத்தனையும் பிழைத்தன. ஒச்சப்பன் அந்தப் பெருமை முழுவதும் தன்னுடையது என்று பெருச்சாளியிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சொல்லிக்கொண்டே பெருச்சாளி வாலைக் கொறித்து உதையும் வாங்கினான்.

அன்று முதல்தான் எலி இருட்டிய பிறகு வெளியே வருகிறது, அணில் விடிந்த பிறகு மரம் விட்டு இறங்குகிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் அணில் ஒன்று கிளை நுனியில் உட்கார்ந்துகொண்டு வாலைத் தூக்கித் தூக்கி விடாமல் கத்துவதும் அன்று முதல்தான். தரைக்குள்ளிருந்து தங்கச்சி எல்லாப் பிள்ளைகளையும் எண்ணி முடித்துப் பதில் சொன்ன பிறகுதான் அது தூங்கப் போகிறது.